வீச்சுவலையையும் தடை செய்தால் லகுனா ஓங்கில்கள் பிழைக்குமா?

கழிமுகம்:
தெற்கு பிரேசிலில் லகுனா என்ற ஊர். அங்குள்ள கழியில் ஐம்பது அறுபது ஓங்கில்கள்தான் (டால்பின்) இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி கரையோரம் இடுப்பளவு நீரில் நிற்கும் வீச்சுவலைக்காரர்களோடு சேர்ந்து மடவை மீன் பிடிக்கிறது. படத்தில் பார்க்க அழகு. ஆனால் வலையில் சிக்கிச் சாவதும் அதே கழியில்தான். 1997-இல் இவற்றை ஊரின் மரபுச் செல்வம் என்று நகராட்சி சட்டம் போட்டும் சாவு நிற்கவில்லை. கழிக்குள் எந்த வலையும் கூடாது, வீச்சுவலை உட்பட என்கிறேன்.

வலைக்கண்:
எல்லா வலையும் ஒன்றல்ல. வீச்சுவலை வட்டமானது, விளிம்பில் ஈயக்குண்டு, கயிறு வீசியவர் கையில். விழுந்த கொஞ்ச நேரத்தில் இழுத்துவிடுவார். ஓங்கிலைக் கொல்வது, கெளுத்திக்காகச் சட்டவிரோதமாக ஊன்றிவிட்டு ஆள் கிளம்பிப்போகும் செவுள் வலை. கண்ணி துடுப்பிலோ வாலிலோ சுற்றிக்கொண்டால் மூச்செடுக்க மேலே வர முடியாது. அவ்வளவுதான்.

கழிமுகம்:
மனிதரோடு பழகுவதே ஆபத்து என்கிறேன். மேற்கு ஆஸ்திரேலியாவின் மங்கி மியாவைப் பாருங்கள். கையால் மீன் கொடுத்துப் பழக்கியதில் தாய் ஓங்கில்கள் கரையோரமே காத்துக் கிடந்தன. அவற்றின் குட்டிகள் அதிகமாகச் செத்தன. 1995-இல் கட்டுப்பாடுகளைக் கடுமையாக்கிய பிறகுதான் தேறியது.

வலைக்கண்:
அங்கே மீன் வந்தது மனிதன் கையிலிருந்து. லகுனாவில் யாரும் ஊட்டுவதில்லை, ஓங்கில் தானே வேட்டையாடுகிறது. நீர் கலங்கல், மீனவருக்கு உள்ளே எதுவும் தெரியாது. ஓங்கில் ஒலியால் கூட்டத்தைக் கண்டுபிடித்து கரைப்பக்கம் ஓட்டி வரும். கடைசியில் முதுகை வளைத்துச் சட்டென்று மூழ்கும், அல்லது தலையாலோ வாலாலோ நீரை அறையும். வலை விழ வேண்டியது அந்த நொடியில். முந்தினால் கூட்டம் திரும்பிவிடும், பிந்தினால் கடந்துவிடும். சும்மா மூச்சுவிட எழுந்ததைக் குறி என்று நினைத்து வீசினால் வெறும் வலைதான். சரியாக விழுந்தால் கூட்டம் சிதறும். தனித்துப்போன மடவையை ஓங்கில் கவ்விக்கொள்ளும்.

2023-இல் வந்த ஆய்வு ட்ரோன், சோனார், நீரடி ஒலிவாங்கி எல்லாம் வைத்து இதை அளந்தது. ஓங்கில் அருகில் இருந்தால் மீன் கிடைக்கும் வாய்ப்பு 17 மடங்கு, குறியோடு ஒத்து வீசினால் கிடைக்கும் மடவை ஏறக்குறைய நான்கு மடங்கு. மீனவரோடு சேரும் ஓங்கில்களின் பிழைப்பு விகிதம் மற்றவற்றைவிட 13 சதவீதம் கூடுதல். நீங்கள் சொல்லும் பொது விதி இங்கே தலைகீழ்.

மடவைக்குஞ்சு:
அப்படியானால் இது நட்புதானே? மீனவர்கள் ஸ்கூபி, கரோபா என்று பெயரெல்லாம் வைத்திருக்கிறார்களே.

வலைக்கண்:
பெயர் வைப்பார்கள்தான். கூடவே 'நல்ல போத்து', 'கெட்ட போத்து' என்றும் பிரிப்பார்கள். சேர்ந்து வேலை செய்யாதது கெட்டது. (போத்து என்பது அவ்வூர் போர்த்துகீசியத்தில் ஓங்கிலுக்குப் பெயர். பழந்தமிழிலும் ஆண் விலங்குக்குப் போத்து என்று பெயருண்டு. ஒலி ஒற்றுமைதான், உறவு தேட வேண்டாம்.) இரு தரப்புக்கும் வயிற்றுப்பாடு, நட்பு என்ற சொல் எனக்கு ஒட்டவில்லை. ஆனால் குட்டி தாயோடு சுற்றித்தான் இதைக் கற்கிறது. வீச்சுவலையை நிறுத்தினால் கற்க எதுவும் இருக்காது.

கழிமுகம்:
13 சதவீதத்துக்குக் காரணம் என்ன? மீனவர் நிற்கும் இடத்தையே சுற்றுவதால் செவுள் வலைப் பக்கம் குறைவாகப் போகின்றன, அதனால்தான் என்கிறார்கள். செவுள் வலையை எடுத்துவிட்டால் அந்த லாபம் எங்கே? இன்னொன்று: மியான்மரின் ஐராவதி ஆற்றிலும் வீச்சுவலைக்காரரோடு ஓங்கில்கள் சேர்ந்து பிடிக்கும். 2005-இல் காப்புப்பகுதி அறிவித்தபோது வீச்சுவலையை விட்டுவைத்து, செவுள் வலைக்குக் கட்டுப்பாடும் மின்சாரம் பாய்ச்சிப் பிடிப்பதற்குத் தடையும் கொண்டுவந்தார்கள். மின்சாரக்காரர்கள் நிற்கவில்லையே.

வலைக்கண்:
நிற்காததற்கு வீச்சுவலையா காரணம்? ரோந்து இல்லாத குறை அது. வீச்சுவலையையும் தடுத்தால் நாள் முழுக்க நீரில் நின்று பார்க்கும் சாட்சிகளையும் கரையேற்றிவிடுவீர்கள். ஊன்றிய வலை எங்கே கிடக்கிறதென்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

கழிமுகம்:
சரி, வீச்சுவலையை விட்டுவிடுகிறேன். ஆனால் வெளிக்கடலில் பெரிய படகுகள் சினைக்காகவே மடவையைச் சுற்றிவளைத்து அள்ளுகின்றன. குளிர்காலத்தில் கழிமுகத்துக்குக் கூட்டமே வராவிட்டால் ஓங்கில் எதை ஓட்டி வரும்?

வலைக்கண்:
அந்தப் படகுகளுக்குத் தடை என்றால் நானும் உங்கள் பக்கம்.