புதுப்பிப்பு: ‘தி ஆஃப்ஸ்பிரிங்’ மறுபடியும் பார்த்தாயிற்று

ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன் என்ற அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரில் எனக்கு மிகப் பிடித்த அத்தியாயத்தைத் திரும்பப் பார்க்கப்போகிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன். அதில் வரும் டேட்டா என்ற ஆண்ட்ராய்டுக்கு (மனித உருவ இயந்திரம்) நிஜமாகவே உணர்ச்சி கிடையாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பார்த்துவிட்டேன்.

1990இல் வந்தது, மூன்றாம் சீசன். தொடரில் ரைக்கர் என்ற விண்கல அதிகாரியாக நடித்த ஜொனதன் ஃப்ரேக்ஸ் முதன்முதலாக இயக்கியது. ஆண்ட்ராய்டான டேட்டா தனக்கென லால் என்ற மகளை உருவாக்குகிறார். அவளைப் பிரித்துக் கொண்டுபோக விண்படையின் உயரதிகாரியான ஒரு அட்மிரல் வருகிறார். அந்தப் பயத்தில்தான் லாலுக்கு முதல் உணர்ச்சியே பிறக்கிறது. அதைத் தாங்க முடியாமல் அவளுடைய மூளை செயலிழக்கத் தொடங்குகிறது. கொடுமை!

இந்த முறை என்னை உலுக்கியது அட்மிரல்தான். மகளைக் காப்பாற்ற டேட்டா போராடுவதை அவர் பக்கத்திலிருந்து பார்க்கிறார். வெளியே வந்து, டேட்டாவின் கைகள் இயங்கிய வேகத்தைக் குரல் தழுதழுக்கச் சொல்கிறார். நமக்கு அந்தப் போராட்டத்தைக் காட்டவே இல்லை. எதிராளியின் வாயால் கேட்கிறோம், அதனால்தான் அவ்வளவு வலிக்கிறது. ஹாலி டாட் லாலாக அபாரம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். தன்னால் அன்பை உணர முடியாது என்று டேட்டாவே மகளிடம் சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவளைக் காப்பாற்ற முடியாமல் போனபோது அவளுடைய நினைவுகளைத் தன்னுள் சேர்த்துக்கொள்கிறாரே, அதை அன்பு என்றுதான் நான் சொல்வேன்.