முதல் வெள்ளி ஆராதனையில் உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து:

எங்கள் தோட்டத்துக் கோயிலில் மாதத்தின் முதல் வெள்ளி பின்னேரம் நற்கருணை ஆராதனை. பூசையில் அர்ச்சித்த அப்பத்தில் ஆண்டவர் இயேசுவே இருக்கிறார் என்று அதை முன்னால் வைத்துக் கும்பிடுவோம். பாதருக்கு இன்னும் பல தோட்டங்கள் இருப்பதால் ஐந்து மணிக்கே தொடங்கிவிடுவார். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, லயத்து வீட்டுக்குப் போய்க் குளித்து வர நேரமிருக்காது. பீலித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டு அப்படியே போவோம்.

அப்படிப் போன ஒரு வெள்ளியன்று பீடத்தில் நற்கருணை வைக்கும் கதிர்ப்பாத்திரம் பொன்னாக மின்னியது, நடுவில் அந்த வெள்ளை அப்பம். குனிந்து என் கையைப் பார்த்தேன். கொழுந்துக் கறை சவர்க்காரத்துக்குப் போகாது என்பது மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனவர்களுக்குத் தெரியும். நகக்கண்ணெல்லாம் கறுப்பு, விரல் நுனியெல்லாம் வெடிப்பு. கும்பிட்ட கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

ஆசீர் நேரம் வந்தது. பாதர் தோளில் வெள்ளைத் துகிலைப் போர்த்தி, அதன் நுனியால் தன் இரண்டு கைகளையும் மூடிக்கொண்டு கதிர்ப்பாத்திரத்தைத் தூக்கினார். ஒரு வார்த்தை பேசாமல் சிலுவை வரைந்தார். சின்ன வயதிலிருந்து பார்ப்பதுதான், ஆனால் அன்றைக்குத்தான் கேட்கத் தோன்றியது. வெளியே வந்ததும் மறைக்கல்வி சொல்லித்தரும் அக்காவிடம் கேட்டேன்.

"பாதர் ஏன்க்கா கையை மூடிக்கிறாரு?"

"ஆசீர் குடுக்கிறது பாதர் இல்ல புள்ள, ஆண்டவரேதான். அதான் அவரு கையி தெரியக் கூடாது."

குருப்பட்டத்தன்று தைலம் பூசிய கை அது. அந்தக் கையே மறைய வேண்டுமென்றால், என் கை எப்படி இருந்தால் என்ன? வீடு வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன். அடுத்த மாதத்திலிருந்து கையை விரித்தே வைத்துக்கொள்கிறேன்.

பண்டாரவளையிலிருந்து:

அக்கா, எங்கள் அம்மாவும் அப்படித்தான் கையை மறைப்பார்.

எனக்கு மறக்காதது 2025 டிசம்பர் 5. டித்வா புயல் அடித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கரண்ட் இல்லை, மெழுகுதிரி மட்டும். ஆராதனைக்கு வைத்த நற்கருணையைத் தனியே விடக் கூடாது, ஒருவராவது முன்னால் இருந்தே ஆகவேண்டும். அதற்காக வழக்கமாக லயத்துக்கு லயம் முறை வைப்போம். அன்றைக்கு முறையே தேவைப்படவில்லை. மேலே மலை வெடித்திருந்ததால் யாருக்கும் லயத்துக்குத் திரும்ப மனமில்லை.

ஒரு பாட்டி, "வாயில செபமே வரமாட்டேங்குது பாதர்" என்றார். பாதர் பக்கத்தில் முழங்காலிட்டு, "வராட்டி இருக்கட்டும் பாட்டி. அவரும் பேசாமத்தானே இருக்காரு, நீங்களும் சும்மா இருங்க" என்றார். விடியும்வரை பாட்டி அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. நானும்தான்.

கண்டியிலிருந்து:

நான் இங்கே கடையில் வேலை செய்கிறேன். தோட்டத்தில் இருந்தபோது, மாதம் ஒருமுறைதானா என்று குறைப்படுவேன். இங்கே வந்த பிறகுதான் புனித யோசே வாஸ் அடிகளைப் பற்றி ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன். கரையோரத்தில் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில் மறைவாக வந்து சேர்ந்தவர். 1692இல் கண்டிக்கு வந்ததும் ஒற்றன் என்று பிடித்து அடைத்தார்கள். 1711இல் இங்கேயே இறந்தார். அவர் வரும்வரை பூசையும் நற்கருணையும் இல்லாமல் சனங்கள் எத்தனை வருடம் காத்திருந்திருப்பார்கள்! அதை நினைத்தபின் எனக்கு முதல் வெள்ளி என்றால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

அடுத்த மாதம் லீவு போட்டு ஊருக்கு வருகிறேன். ஹட்டன் அக்கா, உங்கள் கோயிலில் ஐந்து மணிதானே?