தீவில் ஸ்கூபா சான்றிதழ்: உங்களை ஆட்டிவைத்தது எது?

சிலிண்டர் காற்றோடு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபாவில் முதல் நிலைச் சான்றிதழ் தரும் ஓபன் வாட்டர் கோர்ஸை முடித்துவிட்டேன். போவதற்கு முன் நான் தேடிப் படித்ததெல்லாம் ஆழம், சுறா, காற்று தீர்ந்துபோவது என்று இந்த மூன்றையே சுற்றி வந்தது. என்னை உண்மையில் ஆட்டிவைத்ததோ, எழுந்து நின்றால் தலை வெளியே வந்துவிடும் தண்ணீரில் செய்த ஒரு பயிற்சி. அதை எழுதுகிறேன். உங்களுக்கு எங்கே கைகால் உதறியது என்று நீங்களும் சொல்லுங்கள். அடுத்துப் போகிறவர்களுக்கு உதவும்.

கோர்ஸ் எப்படி இருக்கும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் தரும் அமைப்புகளில் நான் செய்தது பி.ஏ.டி.ஐ. (PADI); எஸ்.எஸ்.ஐ.யும் (SSI) ஏறக்குறைய இதே மாதிரிதான். பாடத்தைத் தீவுக்குப் போகும் முன்பே இணையத்தில் படித்துவிடலாம். முடிந்தால் அப்படியே செய்யுங்கள், வெளியே கடல் கிடக்க அறைக்குள் உட்கார்ந்து அழுத்தக் கணக்கு போடுவது கொடுமை. அப்புறம் ஆழமில்லாத நீரில் பயிற்சிகள், கடைசியில் கடலில் 4 டைவ். நீச்சல் சோதனையும் உண்டு: 200 மீட்டர், எப்படி நீந்தினாலும் சரி, நேரக் கணக்கு கிடையாது, அதோடு எதையும் பிடிக்காமல் 10 நிமிடம் மிதக்க வேண்டும். இதற்குப் பயந்தே நிறைய பேர் கோர்ஸைத் தள்ளிப்போடுகிறார்கள். மெதுவாக நீந்தத் தெரிந்தால் போதும், யாரும் துரத்துவதில்லை.

இனி மாஸ்க் விஷயம்.

மணலில் முட்டி போட்டு உட்கார வைத்தார்கள். முதலில் மாஸ்க்குக்குள் கொஞ்சம் தண்ணீரை விட்டு மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். அடுத்து முழுக்க நிரப்பிவிட்டு ஊத வேண்டும். இதுவரை சரி. அடுத்ததாக மாஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ரெகுலேட்டரில் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) மூச்சுவிட்டபடியே ஒரு நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். வாய்க்குக் காற்று தாராளமாக வருகிறது, அது நமக்கும் தெரிகிறது. ஆனாலும் மூக்கில் தண்ணீர் பட்ட நொடியே நாம் மூழ்கிக்கொண்டிருக்கிறோம் என்று உடம்பு முடிவு கட்டிவிடுகிறது. தொண்டை பூட்டிக்கொள்கிறது. கண்ணைத் திறந்தால் உப்பு எரிகிறது, மூடினால் இருட்டு. எழுந்து நின்றேன், மறுபடி உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையன் எதுவுமே நடக்காதவன் மாதிரி செய்துவிட்டுப் போனான். அது இன்னும் எரிச்சல்.

பயிற்சியாளர் அதட்டவில்லை. சிலிண்டரையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, வெறும் ஸ்நார்க்கெலை, அதாவது தண்ணீருக்கு மேலே நீளும் மூச்சுக்குழலை, வாயில் கவ்வி முகத்தைத் தண்ணீரில் கவிழ்க்கச் சொன்னார். இழுப்பது வாயால் மட்டும்; விடும்போது கொஞ்சம் மூக்காலும் விட்டால் தண்ணீர் உள்ளே ஏறாது. இந்த ஒன்றைத்தான் சொன்னார். மதியம் முழுக்க அதையே செய்துகொண்டிருந்தேன். மாலையில் மாஸ்க்கைக் கழற்றியபோது தொண்டை பூட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். போகும் முன்பே நீச்சல் குளத்தில், கூட ஒருவரை வைத்துக்கொண்டு, இதைப் பழகிவிட்டுப் போங்கள்.

இந்தப் பயிற்சி எதற்கு என்று கடலில்தான் புரிந்தது. முன்னால் போனவர் காலில் மாட்டியிருந்த துடுப்பு என் முகத்தில் இடித்து மாஸ்க் பாதி நிரம்பிவிட்டது. கை தானாக மேல் விளிம்பை அழுத்தியது, நிமிர்ந்து மூக்கால் ஊதினேன், காலியாகிவிட்டது. பக்கத்தில் வந்தவருக்கு அது தெரியக்கூட இல்லை.

ஓபன் வாட்டர் அட்டைக்கு எல்லை 18 மீட்டர். அந்த ஆழம் எனக்கு ஒரு பயத்தையும் தரவில்லை. நிறங்கள் மாறியதுதான் ஆச்சரியம். தண்ணீர் சிவப்பைத்தான் முதலில் விழுங்குகிறது. என் சிவப்புத் துடுப்பு கீழே சேற்று நிறத்தில் இருந்தது. டார்ச் அடித்தபோதுதான் மறுபடி சிவந்தது.

*

மேலே எழுதிய தோழிக்கு மாஸ்க் என்றால் எனக்குக் காது. நாலைந்து மீட்டர் இறங்கியதுமே கதவிடுக்கில் விரல் மாட்டியது போல வலி.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நீர்மட்டத்தில் நம்மேல் 1 வளிமண்டல அழுத்தம். 10 மீட்டரில் அது 2, 20 மீட்டரில் 3. அதாவது முதல் 10 மீட்டரிலேயே அழுத்தம் இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது. அடுத்த 10 மீட்டருக்கு ஒன்றரை மடங்குதான் ஆகிறது. அதனால் காது படுத்துவதெல்லாம் பெரும்பாலும் மேலேயே. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதி நடுக்காதுக்குக் காற்றை அனுப்ப வேண்டும். வலி வந்த பிறகு ஊதினால் பயனில்லை. மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் அதற்குள் அமுங்கிப் போயிருக்கும். தண்ணீருக்குள் தலை போவதற்கு முன் ஒரு முறை, பிறகு ஒவ்வொரு மீட்டருக்கும் என்று ஊதிக்கொண்டே போக வேண்டும். கால் கீழே, தலை மேலே இருக்கும்படி கயிற்றைப் பிடித்து இறங்கினால் எளிது. அடைத்தால் ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி முயல வேண்டும்.

நான் முதலில் சேர்ந்த இடத்தில், "ஒன்றும் ஆகாது, பலமாக ஊதுங்கள்" என்றார்கள். எனக்கு லேசாகச் சளி பிடித்திருந்தது, அதையும் சொன்னேன். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். அங்கேயே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. மாத்திரையின் வேகம் கீழே இருக்கும்போது குறைந்தால், ஏறும்போது காதிலும் சைனஸிலும் விரியும் காற்று வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். இறங்கும்போது வலித்தால் திரும்பி மேலே வந்துவிடலாம், ஏறும்போது வலித்தால் எங்கே போவது? அன்றோடு அங்கிருந்து வந்துவிட்டேன். சளி முழுக்கப் போன பிறகு வேறொரு இடத்தில் சேர்ந்தேன். அங்கிருந்த பயிற்சியாளர் கயிற்றைப் பிடித்தபடி எனக்காக நிறைய நேரம் காத்திருந்தார். உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டுக் காதைக் காட்டினால் சிக்கல் என்று அர்த்தம். அந்தச் சைகையை என்னை மாதிரி அடிக்கடி காட்டியவர் இருக்க மாட்டார்.

தாய்லாந்தின் கோ தாவ், ஹோண்டுராஸின் உட்டிலா மாதிரி சான்றிதழுக்காகவே ஆட்கள் வரும் தீவுகளில் கடைக்குக் கடை கோர்ஸ் உண்டு. விலையை மட்டும் பார்த்துச் சேராதீர்கள். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர், காது அடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலே போதும்.

*

50ஐ நெருங்கும் வயதில் கோர்ஸ் செய்தவன் என்பதால் ஒரு சின்ன விஷயம். சேரும்போது மருத்துவக் கேள்விப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, இதயம், வலிப்பு, காது அறுவை சிகிச்சை, தினமும் சாப்பிடும் மாத்திரை என்று வரிசையாகக் கேட்பார்கள். 45ஐத் தாண்டியவர்களுக்குக் கூடுதல் கேள்விகள் உண்டு. சிலவற்றுக்கு ஆம் என்று எழுதினாலே மருத்துவர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறக்க மாட்டார்கள்.

நான் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறேன். படிவத்தை முன்பே எடுத்துக்கொண்டு போய் என் மருத்துவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன், தீவில் ஒரு நிமிடம்கூட வீணாகவில்லை. என்னோடு சேர வந்த ஒருவர் படகு கிளம்பும் நேரத்தில் மருத்துவரைத் தேடி அலைந்தார். எல்லாவற்றுக்கும் இல்லை என்று எழுதிவிடுங்கள் என்று காதோடு சொல்லித் தருபவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். நெஞ்சு வலி வந்தால் அந்தப் படிவம் கீழே வந்து நம்மைத் தூக்காது.

கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பவர் வைத்த மாஸ்க் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். மீசைக்காரர்களுக்கு மாஸ்க் ஒழுகும். மூக்குக்குக் கீழே ஒரு கோடு அளவுக்கு மழித்தால் தீரும் என்றார்கள். நான் மழிக்கவில்லை, அவ்வப்போது ஊதிக்கொண்டேன்.

*

யாரும் மீனைப் பற்றி எழுதவே இல்லையே! என் கடைசிப் பயிற்சி டைவில் டைட்டன் ட்ரிகர்ஃபிஷ் துரத்தியது. கிளாத்தி இனத்தில் பெரியது, 75 சென்டிமீட்டர் வரை வளரும், பவளத்தையே கடித்து உடைக்கும் பல். முட்டையிட்டிருக்கும் காலத்தில் தன் கூட்டைச் சுற்றி யாரையும் விடாது.

படகிலேயே சொல்லியிருந்தார்கள்: அது காக்கும் பகுதி கூட்டிலிருந்து மேல் நோக்கி விரிந்துகொண்டே போகும். அதனால் பயந்து மேலே ஏறினால் இன்னும் அதன் எல்லைக்குள்தான் இருப்போம். பக்கவாட்டில் விலக வேண்டும். கேட்கும்போது சிரிப்பாக இருந்தது. முதுகு முள்ளை நிமிர்த்திக்கொண்டு நேராக வந்தபோது சிரிப்பு வரவில்லை. துடுப்பை அதன் பக்கம் வைத்துக்கொண்டு, மல்லாந்து உதைத்தபடி விலகினேன். துடுப்பின் நுனியில் ஒரு கடி வைத்துவிட்டுத் திரும்பிப் போனது.

அந்த நேரத்தில் மனம் வேகமாக மேலே போ என்றுதான் சொல்லும். ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினால் நுரையீரலில் இருக்கும் காற்று விரிந்து கிழித்துவிடும். மூச்சை ஒருபோதும் அடக்காதே என்று முதல் பாடத்திலிருந்து காது புளிக்கச் சொல்வது இதற்குத்தான். கொஞ்ச தூரம் தள்ளி வந்ததும் ஒரு பச்சை ஆமை புல் மேய்ந்துகொண்டிருந்தது. எங்கள் குழுவில் ஒருவர் குஷியில் கட்டைவிரலை உயர்த்தினார். நீருக்கடியில் அந்தச் சைகைக்கு 'மேலே போகலாம்' என்று அர்த்தம். பயிற்சியாளரும் சரி என்று மொத்தக் குழுவையும் மேலே கிளப்பிவிட்டார். ஆமையை நான் நாலு நொடிகூடப் பார்க்கவில்லை. கட்டைவிரலைக் காட்டியவரோடு அன்று மாலை வரை யாரும் பேசவில்லை.

*

அடுத்த மாதம் போகிறேன். கடைசி டைவ் மதியம் முடியும், மறுநாள் விடிகாலை விமானம். பிரச்சினை இல்லையே? அப்புறம், எனக்குப் படகு என்றாலே வாந்தி வரும்.

*

தொடங்கி வைத்த நானே பதில் சொல்கிறேன். அந்த விமானம் வேண்டாம், மாற்றிவிடுங்கள். கீழே இருக்கும்போது நைட்ரஜன் உடம்பில் கரைந்து சேர்கிறது, வெளியேற நேரம் பிடிக்கும். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய 2,000 மீட்டருக்கு மேல் உள்ள ஒரு மலையில் நிற்பது மாதிரி குறைவாக இருக்கும். அங்கே மிச்ச நைட்ரஜன் குமிழியாகலாம். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், கோர்ஸ் மாதிரி தொடர்ந்து பல டைவ் செய்திருந்தால் 18 மணி நேரம் இடைவெளி சொல்கிறார்கள். நான் ஒரு முழு நாளே விட்டேன். தீவிலேயே உயரமான மலைப்பாதை இருந்தால் அந்த நாளில் அதையும் தவிர்த்துவிடுங்கள்.

வாந்திக்கு மாத்திரை என்றால் படகு ஏறும் முன்பே போட வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு பலிக்காது. தூக்கம் வரவழைக்காத மாத்திரையாக மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தண்ணீருக்குள் இறங்கியதுமே குமட்டல் அடங்கிவிடும். அடங்காவிட்டாலும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்காதீர்கள், அதன் வழியாகவே வாந்தி எடுக்கலாம், வெளியே போய்விடும். அருவருப்பாக இருக்கும், ஆனால் மீன்கள் கூட்டமாக வந்துவிடும்.