'டேப்' (tap) என்னும் ஆங்கிலச் சொல்லை விளக்க உதவி தேவை

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். முதலில் பீப்பாயின் அடைப்பானைக் குறித்த 'டேப்' என்னும் சொல், பின்னர் தண்ணீர்க் குழாய்க்கும், பட்டையைச் சீவி மங்கில் (கிண்ணத்தில்) பால் வடியவிடும் ரப்பர் மரவெட்டுக்கும் வழங்கி, தொலைபேசியை ஒட்டுக்கேட்பது, ஒருவரது திறமையைப் பயன்படுத்திக்கொள்வது ஆகிய உருவகப் பொருள்களையும் பெற்றது. (மெல்லத் தட்டுவதைக் குறிக்கும் 'டேப்' வேறு மூலத்தைச் சேர்ந்தது, அதை இங்கே கலக்க வேண்டாம்.)

ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பால்மரம் வெட்டுவது புரிகிறது, ஒட்டுக்கேட்பதில்தான் தடுமாறுகிறார்கள். உள்ளே ஓடுவதை இடையில் திறந்து தன் பக்கம் வடியவிடுவது என்று நான் கூறும் விளக்கம் போதுமா? 'பணம் கறப்பது' நெருங்கி வந்தாலும், அதில் ஏய்ப்பு தொனிக்கிறது. தோட்டப் பேச்சில் இதைவிடப் பொருத்தமான வழக்கு இருந்தால், எடுத்துக்காட்டு வாக்கியத்துடன் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.