சமய அடையாளமா, சமயச் சேர்த்தியா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

சமயமும் அரசியலும் குறித்து நம் குழுமம் தொகுக்கும் கலைச்சொற் பட்டியலில் மூன்று கருத்துகளுக்கு "மதப்பற்று" என்ற ஒரே சொல்லை இட்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் எதை நம்புகிறார், எப்படிக் கும்பிடுகிறார், எந்தச் சமயத்தவராக எண்ணப்படுகிறார் என்பவை வெவ்வேறானவை. சமூகவியலாரும் அவற்றைப் பிரித்தே அளக்கிறார்கள். முதலாவதற்குச் "சமய நம்பிக்கை" போதும். மற்ற இரண்டுக்கும்தான் சொல் தேவைப்படுகிறது.

கும்பிடும் முறைக்கு ஹட்டனிலிருந்து எழுதும் அன்பர் முன்வைத்த "வழிபாட்டு நடைமுறை" திணைக்களச் சுற்றறிக்கைபோல் ஒலிக்கிறது. "சமய ஒழுகலாறு" ஏற்கெனவே ஆய்வுகளில் வழங்குவதால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

சிக்கல் மூன்றாவதில் இருக்கிறது. இலங்கையில் மார்கழிப் பௌர்ணமியான உந்துவப் போயாவில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமியான வெசாக் வரை நீளும் யாத்திரைப் பருவத்தில் அடிவார ஊரான நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலை ஏறியவர்களுக்கு உச்சியிலுள்ள மணியைத் தெரிந்திருக்கும். எத்தனையாவது தடவையாக ஏறியிருக்கிறோமோ அத்தனை தடவை அதை அடிப்பது வழக்கம். தேயிலைத் தோட்டத்திலிருந்து கர்ப்பூரம் கொண்டுவந்த தமிழ்ப் பெண்ணும் வெள்ளை உடுத்த சிங்கள முதியவரும் அங்கே அதே மணியைத்தான் அடிக்கிறார்கள். அவளுக்கு அது சிவன் பாதம், அவருக்குப் புத்தர் பாதம், முஸ்லிம்களுக்கோ பாவா ஆதம் மலை. ஒழுகலாறு இவ்வளவு கலந்திருந்தும், குடிசன மதிப்புப் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) படிவத்தில் இவர்கள் வெவ்வேறு கட்டத்துக்குள், வெவ்வேறு கூட்டுக்குள் போய்விடுகிறார்கள். இலங்கையின் 1972 அரசியல் யாப்பிலும் 1978 யாப்பின் 9ஆம் உறுப்புரையிலும் பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரப்பட்டபோது, அந்த ஏற்பாட்டைச் சுற்றி எழுந்த அரசியல் இந்தக் கூடுகளை வைத்தே கணக்குப் போட்டது.

இந்தக் கூட்டுக்கு "அடையாளம்" என்பது அகலமான சொல். திருநீறும் அடையாளம், தேசிய அடையாள அட்டையும் அடையாளம், ஒருவர் தம்மைப் பற்றி மனத்துக்குள் கொள்ளும் உணர்வும் அடையாளம். "சமயச் சார்பு" என்று எழுதினால் வேறு தொல்லை வருகிறது. 1976இல் 42ஆம் திருத்தத்தின் மூலம் இந்திய யாப்பின் முகப்புரையில் நுழைந்த கோட்பாட்டை "மதச்சார்பின்மை" என்று தமிழுலகம் பழகிவிட்டது. ஆகவே சமயச் சார்புடைய ஒருவர் மதச்சார்பின்மையை ஏற்கிறார் என்று எழுதினால் படிப்பவர் குழம்பிப்போவார்.

எனவே "சமயச் சேர்த்தி" என்ற சொல்லை முன்வைக்கிறேன். "அவர் எதிலே சேர்த்தி?" என்று லயத்திலும் (தோட்டக் குடியிருப்பு வரிசை) கேட்போம், கந்தோரிலும் (அலுவலகம்) கேட்போம். பிறர் நம்மை எங்கே சேர்க்கிறார்கள் என்ற பொருள் அதில் இயல்பாகவே ஒலிக்கிறது. லெபனானை எடுத்துக்கொள்ளுங்கள்: 1943ஆம் ஆண்டின் எழுதப்படாத உடன்படிக்கைப்படி சனாதிபதி மரோனியக் கிறிஸ்தவர், பிரதமர் சுன்னி, சபாநாயகர் ஷியா. பள்ளிவாசலையே எட்டிப் பார்க்காத ஒருவரும் அங்கே சுன்னிதான். "மதப்பற்று" இந்த ஏற்பாட்டை விளக்காது, சேர்த்தி விளக்கும்.

பங்குனி உத்திரச் சேர்த்தி சேவையை ஓர் அன்பர் நினைவூட்டினார். தாயாரும் பெருமாளும் ஒருங்கே காட்சி தரும் அந்தச் சேர்த்தியை நானும் அறிவேன், ஆனால் "சமய" என்ற முன்னொட்டு வந்தபின் மயக்கம் எழாது.

இலங்கைத் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தின் அரசியலில் சேர்த்தி எங்கே என்று கேட்கக்கூடும். 1956இல் உருவான தொழிற்சங்கமான ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் அப்துல் அஸீஸ் ஒரு முஸ்லிம்; தோட்டத் தொழிலாளரோ பெரும்பாலும் இந்துக்கள். சேர்த்தி அங்கே தலைமையைத் தீர்மானிக்கவில்லை, சந்தாவும் சம்பளமும் தீர்மானித்தன. அதே தோட்டத்தின் மாரியம்மன் திருவிழா மேடையில் சங்கத் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தப்படுவதைக் காண்கிறோமே, அது ஒழுகலாற்றின் வழியாக அரசியல் நுழைவது. (பொன்னாடை போர்த்தி முடிவதற்குள் பூசை நேரம் தவறிவிடுவது தனிக் கதை.) இந்த இரண்டு வழிகளையும் ஒரே சொல்லால் குறித்தால் ஆய்வாளர் எதை அளந்தார் என்றே தெரியாமல் போகும்.

இன்னும் ஒரு சொல் மீதியிருக்கிறது. டென்மார்க்கில் பெரும்பான்மையோர் லூத்தரன் திருச்சபையில் பெயர் பதிந்தவர்கள். ஞாயிறு வழிபாட்டுக்கு வாராவாரம் போவோர் மிகச் சிலரே. இப்படிச் சேர்த்தி மட்டும் உடையவரைப் "பெயரளவுக் கிறிஸ்தவர்" என்றால் ஏளனம் தொனிக்கிறது. "சேர்த்தியர்" எனலாமா? என் காதுக்கு இன்னும் ஒட்டவில்லை, வேறு ஆக்கம் இருந்தால் எழுதுங்கள்.