ஸ்ரீபெரும்புதூர்: சம்பளம் வந்தது, சங்கம் வைக்கும் உரிமை வந்ததா?

கிண்டி எஸ்டேட்:
உலகமயம் தொழிலாளியின் உரிமைகளைப் பறித்துவிட்டது என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். என்னால் ஏற்க முடியவில்லை. இன்று சொந்தமாக உதிரிபாக யூனிட் நடத்தும் நான், எண்பதுகளில் கிண்டியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிப் பழகியவன். சம்பளச் சீட்டு கிடையாது, பி.எஃப். கிடையாது, விரல் போனால் முதலாளி மனசு வைத்தால்தான் வைத்தியம். 1996-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது; மறைமலைநகரில் ஃபோர்டு வந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் கொடுக்க வேண்டுமென்றால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கட்டியிருக்க வேண்டும், ஷெட்டில் சிறுவர்கள் இருக்கக் கூடாது. ஆடிட் என்று கம்பெனி ஆள் நேரில் வந்து சோதித்துப் பார்ப்பார். இன்ஸ்பெக்டர் வந்து சாதிக்காததை, ஆர்டர் போய்விடும் என்ற பயம் சாதித்தது.

அப்புறம் பெண்கள். இந்தியாவில் தொழிற்சாலை வேலையில் இருக்கும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். செய்யாறிலிருந்து வந்து, தன் பெயரில் பேங்க் கணக்கு வைத்திருக்கும் பெண்ணிடம் போய், உன் உரிமை பறிபோய்விட்டது என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

ஒரகடம் ஷிப்ட்:
ஐயா, அந்தப் பெண்களில் நானும் ஒருத்தி. அந்தப் பணத்தில்தான் தம்பி பாலிடெக்னிக் முடித்தான். அதை நான் மறுக்கவே மாட்டேன்.

ஆனால் ஆடிட்டைப் பற்றிச் சொல்கிறீர்களே. 2021 டிசம்பரில், ஆப்பிளுக்கு ஐபோன் செய்து கொடுக்கும் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு கெட்டு, 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். கூட இருந்தவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. யாரோ செத்துவிட்டதாக வதந்தி பரவியது. கடைசியில் பெங்களூரு நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்தார்கள். அதன் பிறகுதான் அந்த ஆலையை ஆப்பிள் கண்காணிப்பில் வைத்தது, விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் சரியில்லை என்று ஒப்புக்கொண்டது. ஆடிட் அதற்கு முன்பும் இருந்ததுதானே? ரோட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது, ஆடிட்டில் ஏன் தெரியவில்லை?

கிண்டி எஸ்டேட்:
உலகம் முழுக்கத் தெரிந்ததே அதில் ஆப்பிள் பெயர் இருந்ததால்தான் அம்மா. உள்ளூர் மில் விடுதியில் நடந்திருந்தால் மாவட்டச் செய்தியில் நாலு வரி. இப்போது வல்லம் வடகாலில் 18,720 ஃபாக்ஸ்கான் பெண்கள் தங்கும் விடுதி 2024-ல் திறந்தாகிவிட்டது. தவறு நடந்தது, திருத்தினார்கள்.

வேளச்சேரி வாசி:
வாழ்க்கைத் தரம் என்றால் சம்பளமும் விடுதியும் மட்டுமா? ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆர். சாலை வளர வளரப் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் சுருங்கியது. 2015 டிசம்பரில் எங்கள் தெருவில் படகு ஓடியது. அந்தக் கணக்கையும் யாராவது போட வேண்டும்.

பெரம்பூர் பேரன்:
வேளச்சேரி நண்பரே, அது தனியாகவே பேச வேண்டிய விஷயம். நான் சங்கத்துக்கு வருகிறேன்.

கிண்டி சார் சொல்லும் நன்மைகள் எல்லாம் மேலிருந்து வந்தவை. வாங்குகிறவன் நினைத்தால் கொடுப்பான், நினைக்காவிட்டால் இல்லை. தொழிலாளியே உட்கார்ந்து பேசி வாங்குவதைத்தான் நான் உரிமை என்கிறேன். இது சென்னைக்குப் புதிதும் இல்லை. என் தாத்தா பெரம்பூர் பி அண்ட் சி (பக்கிங்காம் அண்ட் கர்நாட்டிக்) துணி மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். அதுவும் வெள்ளைக்காரக் கம்பெனிதான். 1918-ல் அங்கே சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா சங்கத்தின் தலைவர், தமிழறிஞர் திரு.வி.க. பக்கத்தில் நின்றார். மில்லை நடத்திய பின்னி கம்பெனி வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றத்தில் வாடியாவுக்கு எதிராகத் தடை வாங்கியது. சங்கம் நடத்துகிறவருக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லை என்று நாடு அப்போதுதான் உணர்ந்தது. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

இப்போது 2024-க்கு வாருங்கள். சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் செப்டம்பர் 9 அன்று வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 37 நாள். சம்பளமும் கேட்டார்கள், ஆனால் முதல் கோரிக்கை சங்கத்தைப் பதிவு செய்யுங்கள் என்பதுதான். பெரிய ஆலையில் நூறு உறுப்பினர் இருந்தாலே பதிவு செய்யலாம் என்பது சட்டம். அங்கே அதைப் போலப் பல மடங்கு பேர் இருந்தார்கள். சங்கத்தின் பெயரில் சாம்சங் என்ற சொல் வரக் கூடாது என்று கம்பெனி ஆட்சேபித்தது. உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. சங்கம் வைத்துக் கூட்டாகப் பேரம் பேசும் சுதந்திரத்துக்கான, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வின் 87, 98 ஆம் உடன்படிக்கைகளை இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை.

முதலீட்டாளர் கேட்கிறார் என்று அரசும் வளைகிறது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியதே! சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால்தான் மே தினத்தில் திரும்பப் பெற்றார்கள். எந்த ஆடிட்டும் அதைத் தடுக்கவில்லை.

கிண்டி எஸ்டேட்:
பின்னி மில் இன்று எங்கே தம்பி? சங்கக் கொடி ஏறினால் கம்பெனி கிளம்பிவிடும். வியட்நாம் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறது. நோக்கியா போனபோது ஸ்ரீபெரும்புதூரில் வாடகைக்கு விட்டவன், பஸ் ஓட்டினவன் எல்லாரும் விழுந்தார்கள்.

பெரம்பூர் பேரன்:
நோக்கியா 2014 நவம்பரில் மூடியது வரி வழக்கில் சிக்கியதால். நோக்கியாவின் போன் தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்ட் இந்த ஆலையை விட்டுவிட்டது. ஃபோர்டு பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியது. இரண்டிலும் கொடியைக் குற்றம் சொல்ல முடியாது. மறைமலைநகரில் சங்கம் இருந்ததால்தான் இழப்பீட்டை மாதக்கணக்கில் பேசி உயர்த்த முடிந்தது. மூலதனம் எப்படியும் கிளம்பும் சார். கிளம்பும் நாளில் தொழிலாளி கையில் என்ன இருக்கும் என்பதுதான் என் கேள்வி.

ஒரகடம் ஷிப்ட்:
நிரந்தரத் தொழிலாளிக்குச் சரி அண்ணா. என்னைப் போல ட்ரெய்னிக்கு? ஒரு ஏஜென்சி முடிந்தால் இன்னொரு ஏஜென்சி, அடையாள அட்டையின் நிறம் மட்டும் மாறும், லைன் அதேதான். சங்கத்தில் சேர்ந்தேன் என்று தெரிந்தால் அடுத்த மாதம் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான். கிண்டி ஐயா, உங்கள் யூனிட்டில் எத்தனை பேர் நிரந்தரம்?

கிண்டி எஸ்டேட்:
பாதிக்கும் குறைவு. மறைக்கவில்லை. எனக்கே மூன்று மாதத்துக்கு மேல் ஆர்டர் உறுதி கிடையாது. வருடா வருடம் விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள். எல்லாரையும் நிரந்தரம் செய்துவிட்டு, ஆர்டர் நின்றால் நான் எங்கே போவேன்?

ஒரகடம் ஷிப்ட்:
சரி ஐயா, உங்களுக்கு உறுதி இல்லை. அந்தப் பாரத்தை ஏன் இருப்பதிலேயே குறைந்த சம்பளம் வாங்குகிறவள் தலையில் இறக்க வேண்டும்? உங்களிடம் வாங்கும் கம்பெனியிடம் ஒரு வருட ஆர்டருக்கு எழுதிக் கேளுங்கள். நாங்கள் கேட்டால் வேலை போகும். நீங்கள் எல்லா யூனிட்காரர்களும் சேர்ந்து கேட்டால் அவர்களால் அப்படித் தட்டிவிட முடியாது.