புதுப்பிப்பு: மாட்டிக்கொண்ட அந்த இரண்டு ஸ்பானியக் குறிப்புகள்

போன வாரம் குறுக்கெழுத்தில் இரண்டு குறிப்புகளுக்கு விடை கேட்டிருந்தேன். இடமிருந்து வலம்: ‘போலி இரண்டாம் பாகத்தால் நாயகனின் வழியை மாற்றிய ஸ்பானியர் (6)’. மேலிருந்து கீழ்: ‘எண்பதாண்டுப் போர் முடிய உடன்படிக்கை ஆன ஊர் (5)’.

இரண்டும் கிடைத்துவிட்டன. முதலாவதில் லோப்பே டி வேகா என்ற ஸ்பானிய நாடகாசிரியரை எழுதியிருந்தேன். ஆறு எழுத்து சரியாக உட்கார்ந்தது. ஆனால் நாலாவது எழுத்து ‘டி’ கீழே இறங்கும் ஊருக்கு இரண்டாவது எழுத்தாக வர வேண்டும். அங்கேதான் இடித்தது. அழித்துவிட்டு செர்வான்டெஸ் போட்டேன். ‘ன்’ வந்தது, கீழே மூன்ஸ்டர் தானாக விழுந்தது.

செர்வான்டெஸ் கதை அருமையானது. அவருடைய நாவலான ‘டான் கிஹோட்டே’யின் முதல் பாகம் 1605இல் வந்தது; நாயகன் பெயரும் அதுதான். அவர் இரண்டாவதை முடிப்பதற்குள், 1614இல் அவெல்லானேடா என்ற புனைபெயரில் யாரோ ஒரு தொடர்ச்சியை வெளியிட்டார். அதில் நாயகன் சரகோசா என்ற ஸ்பானிய நகரத்துக்குப் போகிறான். செர்வான்டெஸின் 1615 பாகத்தில், விடுதி அறையின் மெல்லிய தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் அந்தப் போலிப் புத்தகத்தைப் பற்றிப் பேசுவது டான் கிஹோட்டே காதிலேயே விழுகிறது. ‘சரி, சரகோசாவில் கால் வைக்க மாட்டேன்’ என்று பார்சிலோனா பக்கம் திரும்பிவிடுகிறான்! தன் படைப்பைக் காக்க இதைவிட அழகான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

மூன்ஸ்டர் ஜெர்மனியில் இருக்கிறது. அங்கே 1648 ஜனவரி 30 அன்று ஸ்பெயினும் டச்சுக்காரர்களும் தங்களுக்குள் நடந்த எண்பதாண்டுப் போரை முடிக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். நான் நெதர்லாந்து ஊர்களாகவே தேடிக்கொண்டிருந்தேன். ‘ஜெர்மன் பக்கம் பாருங்கள்’ என்று சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி.